பதினோரு வருடம் ஆறாத காபி

பள்ளத்தாக்குகள் அமைச்சரின் மேஜைமேல் மருத்துவச்சி வத்ஹா வைத்த காபி பதினோரு வருடம் ஆறவில்லை. பெரிய கோப்பைகூட இல்லை. கைப்பிடி இல்லாத, மூன்று வாய்க்குமேல் கொள்ளாத சின்னப் பீங்கான் கோப்பை. சீனி போடாமல், ஏலக்காய் தட்டிப் போட்ட கசப்புக் காபி. அந்தப் பதினோரு வருடத்தில் நான்கு பிரதமர்கள் வந்து போனார்கள், ஆறு பேர் அந்த அமைச்சகத்தின் நாற்காலியில் உட்கார்ந்து எழுந்தார்கள், மூன்று நாடாளுமன்றங்கள் கலைந்தன. காபி மட்டும் பதவியில் நீடித்தது. காலையில் அலுவலகம் திறக்கும்போதும் அதிலிருந்து ஆவி வந்தது, மாலையில் பூட்டும்போதும் வந்தது. இதைத் தலைநகர் அம்மானில் ஒரு செய்தியாகச் சொல்வார்கள். எங்கள் ஊரான உம் ஹிஜ்லானில் அதை யாரும் செய்தி என்று நினைப்பதில்லை, ஏனென்றால் கேட்டு வைத்த காபி பதில் வரும்வரை காத்திருக்கத்தானே வேண்டும்.

உம் ஹிஜ்லானை ஒரு காட்டாறு இரண்டாகப் பிளக்கிறது. வருடத்தில் பத்து மாதம் அது வெறும் கல்லும் மணலும். ஆடுகள் நடுவில் நின்று அசைபோடும். மழைக்காலத்தில் மேற்கே மலையில் ஒரு மணி நேரம் பெய்தால் போதும், இங்கே வெயில் அடித்துக்கொண்டிருக்கும்போதே செந்தண்ணீர் வந்து கீழ்க்கரையையும் மேல்கரையையும் நான்கு நாளோ ஐந்து நாளோ பிரித்துப் போட்டுவிடும். மருத்துவமனை என்று சொல்லிக்கொள்ளும் இரண்டு அறைகள் கீழ்க்கரையில் இருந்தன. அதில் மருத்துவச்சி வத்ஹா இருந்தார். கல்யாணமாகி மூன்று வருடத்தில் கணவனை இழந்தவர், பிள்ளைகள் இல்லை, குரல் மட்டும் ஊருக்கே போதுமான அளவு இருந்தது. அவருடைய ஒரே தங்கை ஷீஹா மேல்கரையில் வாழ்க்கைப்பட்டிருந்தாள். அந்த ஷீஹாவுக்கு எப்படிக் கணக்குப் போட்டாலும் பிரசவம் சரியாக வெள்ளத்தன்றுதான் வரும்.

முதல் பிள்ளையும் இரண்டாவது பிள்ளையும் அப்படித்தான் பிறந்தன. அக்கரையில் ஓரத்து வீட்டு ஜன்னலைத் திறந்து வைத்துக்கொண்டு ஷீஹா படுத்திருந்தாள். இக்கரையில் பாறைமேல் நின்று வத்ஹா கத்தினார். ஊரே இரண்டு பக்கமும் கூடி நின்று கேட்டது. வார்த்தைகள் வெள்ளத்தின்மேல் போகும்போது நனைந்து கனத்துவிடுவதால், அக்கரை சேர நேரமாயிற்று. "முக்கு" என்று வத்ஹா சொன்னது போய்ச் சேர்வதற்குள் அதற்கு முன்னால் சொன்ன "மூச்சு விடு" இன்னும் நடு ஆற்றில் கிடந்தது. இதைத் தெரிந்துகொண்டு அவர் ஒவ்வொரு சொல்லையும் இரண்டு நிமிடம் முன்கூட்டியே சொல்லப் பழகினார். பிள்ளைகள் நல்லபடியாகப் பிறந்தன, ஆனால் பிறந்ததிலிருந்தே அவை கத்தித்தான் பேசின. உப்பு கேட்டாலும் ஊருக்கே கேட்கும்.

மாவட்டத்தில் பெண்களுக்கென்று ஒதுக்கிய நாடாளுமன்ற இடத்துக்குத் தேர்தல் வந்தபோது வத்ஹா நின்றார். ஒலிபெருக்கி வைக்கவில்லை, தேவைப்படவுமில்லை. பொது இடத்துக்கு மேல்கரை மஷூர் நின்றார். இருநூறு ஆடும், முறுக்கிய மீசையும், நூறு பேர் உட்காரும் விருந்துக் கூடாரமும் உள்ளவர். கூடாரத்தில் நாற்பது நாள் ஆட்டுக்கறியும் தயிர்ச்சோறும் போட்டார். சாப்பிட்டவர்கள் எல்லாரும் வாழ்த்திவிட்டு வேறு யாருக்கோ வாக்குப் போட்டார்கள். வத்ஹா ஜெயித்தார், மஷூர் தோற்றார். அந்தக் காந்தலை அவர் கடைசிவரை மறைக்கவில்லை.

"நாடாளுமன்றம் எதுக்கும்மா உனக்கு?" என்று சந்தையில் வத்ஹாவைப் பார்த்துக் கேட்டார். "இந்தப் பாறை மேல நின்னு கத்தினாலே அம்மான் வரைக்கும் கேக்குமே."

"கேக்கும் அண்ணே. பதில் திரும்பி வர மாட்டேங்குதே, அத வாங்கத்தான் நேர்ல போறேன்."

"வாங்கிட்டு வா, பாப்போம். அதுவும் பொம்பளைக்குன்னு ஒதுக்கி வச்ச கதவு வழியா."

"உங்களுக்குத் தொறந்து கெடந்த கதவுலயே நீங்க முட்டிக்கிட்டு நின்னீங்களே, அண்ணே."

பதவி ஏற்றதும் வத்ஹா எங்கள் வழக்கப்படி ஜாஹா கிளம்பினார். பெண் கேட்பதானாலும், கொலைப்பழிக்கு மன்னிப்புக் கேட்பதானாலும், பெரிய மனிதர்கள் கூட்டமாகப் போவதுதான் ஜாஹா. வீட்டுக்காரர் காபி ஊற்றுவார். தலைவராக வந்தவர் கோப்பையை வாங்கி, குடிக்காமல் கீழே வைத்துவிட்டு, வந்த காரியத்தைச் சொல்வார். வீட்டுக்காரர் சம்மதித்தால், "குடிங்க உங்க காபிய, வந்த காரியம் முடிஞ்சது" என்பார். அதற்கப்புறம்தான் ஒருவர் வாயிலும் காபி படும். பெண் ஒருத்தி தலைமை தாங்கிப் போன ஜாஹா அதற்குமுன் இல்லை. ஆனால் ஊரில் உறுப்பினர் என்று வேறு யாரும் இல்லாததால், நாற்பது ஆண்கள் தோளில் அபாயா என்கிற நீள மேலங்கியைப் போட்டுக்கொண்டு வத்ஹாவின் பின்னால் இரண்டு பேருந்துகளில் தலைநகருக்குப் போனார்கள். கேட்கப் போனது ஒரு பாலம்.

அப்போது அமைச்சராக இருந்தவர் ரஜாயி. நல்ல மனிதர். ஆறு பெண்களைப் பெற்றவர். நான்கு பேருக்குக் கல்யாணம் முடிந்து ஐந்தாவது பெண்ணுக்கு அந்த மாதம் மட்டும் மூன்று ஜாஹாக்கள் வந்திருந்தன. வத்ஹா கோப்பையை மேஜைமேல் வைத்த சத்தம் கேட்டதுமே, காரியம் என்னவென்று கேட்பதற்கு முன், பழக்கதோஷத்தில் அவர் வாய் தானாகத் திறந்துகொண்டது.

"குடிங்க உங்க காபிய," என்றார்.

நாற்பது பேரும் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். அமைச்சருக்கே அப்போதுதான் உறைத்தது. அந்த நேரம் பார்த்துத் தொலைபேசி அடித்தது. அரச ஆணையால் கீழவை கலைக்கப்பட்டுவிட்டது என்றார்கள். கலைத்தால் அரசியல் சட்டப்படி ஒரு வாரத்துக்குள் அமைச்சரவையும் ராஜினாமா செய்தாக வேண்டும். ஆக ஒரே தொலைபேசியில் கேட்க வந்தவர் உறுப்பினர் இல்லை என்றாகிவிட்டது, கொடுக்க வேண்டியவரும் அநேகமாக அமைச்சர் இல்லை.

"தங்கச்சி," என்றார் ரஜாயி, "என்ன கேக்க வந்தீங்கன்னு இன்னும் எனக்குத் தெரியாது."

"பாலம்."

"பாதி சொல்லிட்டேன். மீதிய எந்த வாயால சொல்றது?"

"பாதி சொன்ன வாயாலயே சொல்லுங்க."

"போகப்போறவன் வாக்குக் குடுத்தா, வர்றவன் தலையிலதான் அது விடியும். அது நியாயமில்லம்மா."

வத்ஹா எழுந்தார். "அப்ப இது இங்கயே இருக்கட்டும். பதில் வர்ற வரைக்கும் நானும் எங்கயும் காபி குடிக்கிறதா இல்ல."

அவர்கள் போனபின் பணியாள் கோப்பையை எடுக்க வந்தான். அது அசையவில்லை. இரண்டு கையாலும் பிடித்து இழுத்தான். மேஜைதான் நகர்ந்தது. பாதி வாக்கைக் கேட்ட காபி மீதி வாக்குக்காக உட்கார்ந்துவிட்டது என்று அந்த அமைச்சகத்தின் வாயிற்காவலர் அன்றே சொன்னார். அவரும் எங்களைப்போல் தெற்கத்திக்காரர், அவருக்கு இதெல்லாம் தெரியும்.

அடுத்து வந்த அமைச்சர் பொறியாளர். பல்கலைக்கழகத்திலிருந்து இரண்டு பேராசிரியர்களை வரவழைத்து வெப்பமானி வைத்துப் பார்த்தார். குடிக்கிற பதம் என்று எழுதிக் கொடுத்துவிட்டுப் போனார்கள். பளு தூக்கி வைத்துத் தூக்கியபோது மேஜையும் அதன் கீழிருந்த கம்பளமும் சேர்ந்து வந்தன. அவர் பாலத்துக்கு எதிரி ஒன்றும் இல்லை. ஒரு நாள் பாலத்துக்கான கோப்பில் கையெழுத்தே போட்டார், ஆனால் மை காய்வதற்கு முன் ஆவியாகி மேலே போய்விட்டது. வீட்டுக்குக் கொண்டுபோய்ப் போட்டுப் பார்த்தார், காரில் வைத்துப் போட்டுப் பார்த்தார், காகிதம் வெள்ளையாகத்தான் மிஞ்சியது. சொல் முடியாமல் எழுத்து நிற்காது என்று புரிந்துகொண்டு, பதவி மாறும்போது அடுத்தவரிடம் ஒப்படைக்கும் பொருள்களின் பட்டியலில் 'கோப்பை ஒன்று, சூடானது' என்று எழுதிவிட்டுக் கிளம்பினார். அதற்கப்புறம் வந்த எல்லாரும் அந்த வரியின் கீழ் ஒப்பமிட்டார்கள்.

மன்னர் ரஜாயியை மேலவைக்கு நியமித்திருந்தார். அவர் மனசாட்சி உறுத்தி இரண்டு தடவை அமைச்சகத்துக்கு வந்து, கோப்பைக்கு முன் நின்று, "வந்த காரியம் முடிஞ்சது" என்று மீதியைச் சொன்னார். காபியில் ஒரு குமிழி கிளம்பி உடைந்தது, அவ்வளவுதான். மேலவைக்காரர் சொன்னால் அது ஆலோசனைதான், அமைச்சர் சொன்னால்தான் வாக்கு. நான்காவதாக வந்த அமைச்சர் குறுக்குவழி பார்த்தார். உறிஞ்சு குழாய் வைத்து ஒரு வாய் குடித்தார். நாக்கு வெந்துபோனது, அதோடு ஒரு மாதத்துக்கு அவரால் உண்மையை மட்டும்தான் பேச முடிந்தது. கீழவையில் கேள்வி நேரத்தில், இந்தச் சாலை எப்போது முடியும் என்று கேட்டதற்கு, "முடியாது, ஆரம்பிக்கவே இல்ல" என்றார். அவை எழுந்து நின்று கை தட்டியது. பிரதமர் அடுத்த வாரமே அவரை மாற்றிவிட்டார்.

நோன்பு மாதத்தில் என்ன செய்வது என்று ஊழியர்கள் முதலில் கவலைப்பட்டார்கள். பகல் முழுக்கப் பட்டினியாக இருப்பவர்களின் மூக்குக்கு நேராக ஏலக்காய் மணம் வீசினால் யாருக்குத்தான் பொறுக்கும்? ஆனால் காபிக்கும் மரியாதை தெரிந்திருந்தது. நோன்பின் முதல் நாள் விடிந்ததும் ஆவி நின்றது. சூரியன் மறைந்த அந்தக் கணம் மறுபடி கிளம்பியது. நோன்பு திறக்கச் சொல்லும் பீரங்கிச் சத்தத்தைவிட அது துல்லியம் என்று கண்ட பக்கத்து அலுவலகக்காரர்களும் மாலையானால் பேரீச்சம்பழத்தோடு வந்து அதைச் சுற்றி உட்கார்ந்தார்கள்.

வத்ஹா அடுத்து வந்த மூன்று தேர்தலிலும் ஜெயித்தார். எங்கள் நாட்டில் பிரதமரை மன்னர் நியமிப்பார். நியமித்தவர் ஒரு மாதத்துக்குள் கீழவையில் நம்பிக்கை வாக்கு வாங்கியாக வேண்டும். அந்த விவாதத்தில் ஒவ்வொரு உறுப்பினரும் தன் தொகுதிக்குத் தெரியும்படி பேசித் தீர்ப்பதால் நான்கைந்து நாள் இழுக்கும். வத்ஹாவின் பேச்சு மட்டும் எல்லா விவாதத்திலும் ஒரே வரிதான். "அந்தக் காபி இன்னும் ஆறல, நம்பிக்கை இல்ல." சொல்லிவிட்டு உட்கார்ந்துவிடுவார். எழுத்துமூலம் கேள்வி அனுப்புவார். 'ஆய்வில் உள்ளது' என்று பதில் வரும். பாலத்துக்கென்றே ஒரு மசோதா கொண்டுவந்தார். கீழவை நிறைவேற்றியது. மேலவையில் சராசரி வயது எழுபத்தைந்து. அவர்கள் ஒரு வார்த்தையைத் திருத்தித் திருப்பி அனுப்பினார்கள், கீழவை அந்த வார்த்தையை மறுபடி திருத்தியது, இரு அவையும் சேர்ந்து உட்கார்ந்து தீர்க்க வேண்டிய நாளுக்கு முந்தின நாள் கூட்டத்தொடர் முடிந்துவிட்டது.

காபி இல்லாமல் இருப்பது அவருக்குச் சாதாரணமாக இல்லை. எங்கள் பக்கத்தில் துக்கத்துக்குப் போனாலும் காபி, பிள்ளை பிறந்தாலும் காபி, சண்டை தீர்ந்தாலும் காபி. பதினோரு வருடம் எல்லா வீட்டிலும் தேநீர் கேட்டு வாங்கிக் குடித்தார். பக்கத்தில் காபி வறுக்கும் மணம் வந்தால் பேச்சை நிறுத்திக் கண்ணை மூடிக்கொள்வார். அதைப் பார்த்து மனசு தாங்காமல் முதலில் ஒரு உறுப்பினர், தானும் அதுவரை குடிப்பதில்லை என்றார். பிறகு ஒவ்வொருவராகச் சேர்ந்து இருபத்திரண்டு பேர் ஆனார்கள். பத்திரிகைகள் அதற்குக் காபிக் குழு என்று பெயர் வைத்தன. வேறு எந்த விஷயத்திலும் அந்த இருபத்திரண்டு பேருக்கும் ஒத்துப்போனதில்லை.

இதற்கிடையில் ஷீஹா இன்னும் ஐந்து பிள்ளைகள் பெற்றாள். ஐந்தும் வெள்ளத்தன்று, ஐந்தும் கத்தியே பிறந்தவை. பதினோராம் வருடம், நாற்பத்திரண்டு வயதில், எட்டாவது உண்டானது. தலைநகரிலிருந்து மாதம் ஒரு முறை வரும் மருத்துவர் பார்த்துவிட்டு வத்ஹாவைத் தனியே கூப்பிட்டார். குழந்தை குறுக்கே கிடக்கிறது, ரத்த அழுத்தமும் ஏறியிருக்கிறது, கர்ப்பிணியை மலைப்பாதையில் எங்கேயும் கொண்டுபோகவும் கூடாது. "இந்தத் தடவை கை வேணும், சிஸ்டர். சத்தம் பத்தாது," என்றார். நாள் குறித்தது தை மாதக் குளிரின் நடுவில். வத்ஹா அன்று வீட்டுக்கு நடந்து போகும்போது அழுதார். ஊர் பார்த்தது, பார்க்காததுபோல் திரும்பிக்கொண்டது.

அந்த ஐப்பசியில் புதுப் பிரதமர் வந்தார். கணக்கில் கெட்டிக்காரர். காபிக் குழுவின் இருபத்திரண்டு வாக்கு இல்லாமல் நம்பிக்கை கிடைக்காது என்று தெரிந்து வத்ஹாவைக் கூப்பிட்டார்.

"அம்மா, வெளிய நின்னு கேட்டது போதும். உள்ள வந்து நீங்களே குடுங்க. பள்ளத்தாக்குகள் உங்களுக்கு."

"உறுப்பினர் பதவிய விடணுமே."

"விடணும். ஒரே ஆள் ரெண்டு நாற்காலியில உக்காரக் கூடாதுன்னு சட்டம் இருக்கு."

"இருக்கட்டும்," என்றார் வத்ஹா. மறுநாள் மாலை அரண்மனையில் மன்னருக்கு முன் சத்தியம் செய்தார். அவர் மெதுவாகச் சொன்னதாகத்தான் நினைத்தார். தோட்டத்தில் இருந்த புறாக்கள் எல்லாம் எழும்பிப் பறந்தன.

அடுத்த நாள் காலையிலேயே கதவைச் சாத்திக்கொண்டு, கோப்பையைப் பார்த்து முழு வாக்கையும் சொன்னார். "குடிங்க உங்க காபிய, வந்த காரியம் முடிஞ்சது." ஒன்றும் நடக்கவில்லை. எதிரே இருந்த சோபாக்கள் காலி. கேட்க ஆளில்லாத இடத்தில் கொடுத்தால் அது கொடுத்ததாகாது. மூன்று நாற்காலி தள்ளிப் போட்டு உட்கார்ந்து தானே கேட்டார், ஓடி வந்து தானே பதில் சொன்னார். வாயிற்காவலர் கதவிடுக்கில் பார்த்துத் தலையில் அடித்துக்கொண்டார். "மாண்புமிகு அமைச்சரே, பொண்ணு வீடும் நீங்க, மாப்பிள்ளை வீடும் நீங்கன்னா கல்யாணம் எப்படி நடக்கும்? ஊர்லருந்து யாரையாவது வரச் சொல்லுங்க."

வத்ஹா ஊருக்குப் பேசினார். இப்போது உறுப்பினர் யாரும் இல்லை. ஜாஹாவுக்குத் தலைமை தாங்க ஒரு பெரிய மனிதர் வேண்டும். இரண்டு கரையும் ஒப்புக்கொள்கிற ஆள் என்று யோசித்தால் மீசையோடு ஒரே ஒருவர்தான் வந்து நின்றார். மஷூரிடம் போய்க் கேட்டபோது அவர் ஆட்டுக்கு மருந்து ஊற்றிக்கொண்டிருந்தார்.

"பதினோரு வருஷமா என்ன வச்சுக் கூட்டம் சிரிக்குது," என்றார். "இப்ப நான் போய் அவகிட்ட கையேந்தணும். அதானே?"

அதே நேரம் பக்கத்து வீட்டில் ஷீஹாவின் நான்காவது பையன் தன் அம்மாவிடம் கால் வீக்கம் குறைந்திருக்கிறதா என்று கேட்டான். வழக்கம்போல அது மேல்கரை முழுக்கக் கேட்டது. மஷூர் மருந்துக் குப்பியை மூடினார். "பேருந்துக்குச் சொல்லுங்க," என்றார்.

நாற்பது பேரும் அன்றைக்கே, அதே அபாயாக்களைப் போட்டுக்கொண்டு போனார்கள். பதினோரு வருடத்துக்குமுன் போனவர்களில் ஒன்பது பேர் இறந்திருந்தார்கள், அவர்களுடைய இடத்தில் மகன்கள் உட்கார்ந்தார்கள். புதுக் காபி ஊற்ற வேண்டியிருக்கவில்லை, கோப்பை ஏற்கனவே நடுவில் இருந்தது. மஷூர் மீசையைத் தடவிக்கொண்டு, எழுந்து நின்று, ஒரு வார்த்தையும் குத்தலாகச் சொல்லாமல் பேசினார். அது அவருக்கு எவ்வளவு கஷ்டம் என்று எங்களுக்குத்தான் தெரியும்.

"மாண்புமிகு அமைச்சர் அவர்களே. ரெண்டு கரையும் உங்க வாசலுக்கு வந்திருக்கு. நாங்க கேக்குறது ஒரு பாலம். அந்தப் பக்கம் ஒரு புள்ளத்தாச்சி இருக்கா. அவ எங்க ஊரு பொண்ணு, உங்க தங்கச்சி. இதுக்குமேல பேச எனக்கு வராது."

வத்ஹா கோப்பையைப் பார்க்காமல் மஷூரைப் பார்த்துச் சொன்னார். "குடிங்க உங்க காபிய. வந்த காரியம் முடிஞ்சது."

கோப்பை மேஜைமேல் லேசாக ஆடியது. வத்ஹா பாலத்துக்கான கோப்பில் கையெழுத்துப் போட்டார், மை நின்றது. ராணுவப் பொறியாளர்கள் முதலில் ஒரு இரும்புப் பாலத்தைத் தற்காலிகமாகப் பூட்டுவது, பிறகு கல்பாலம் கட்டுவது என்று அதில் எழுதியிருந்தது. மஷூர் குடிப்பதற்காகக் கோப்பையைப் பிடித்தார். வரவில்லை. வத்ஹா பிடித்துப் பார்த்தார். அவருக்கும் வரவில்லை. அதற்குள் கையெழுத்தின் ஓரங்களிலிருந்து மெல்லிய ஆவி கிளம்பத் தொடங்கியது. முதல் எழுத்து வெளிறிவிட்டது.

"குடிக்காம ஜாஹா முடியாதே," என்றார் மஷூர், கோப்பையையும் வத்ஹாவையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டு. "வச்சவங்கதான் எடுக்கணும், வத்ஹா. வச்சது அமைச்சர் இல்ல. வச்சது எங்க மருத்துவச்சி."

வத்ஹாவுக்குப் புரிந்தது. கொடுக்கும்போது அமைச்சராக இருக்க வேண்டும், குடிக்கும்போது இருக்கக் கூடாது. அந்த நாற்காலியில் உட்கார்ந்து இன்னும் எட்டுக் காட்டாறுகளுக்குப் பாலம் போடலாம் என்று முந்தின நாள் இரவு அவர் ஒரு பட்டியல் எழுதியிருந்தார். ஆசை இல்லை என்று சொன்னால் பொய். உறுப்பினர் பதவியும் ஏற்கனவே போயிற்று. பட்டியலை மடித்து இழுப்பறையில் அடுத்தவருக்காக வைத்துவிட்டு, வெள்ளைக் காகிதத்தில் நான்கு வரியில் ராஜினாமா எழுதினார்.

பிரதமர் தொலைபேசியில் வந்தார். "அம்மா, சத்தியம் பண்ணி இன்னும் ஒரு நாள் முழுசா ஆகல."

"தெரியும். கையெழுத்து ஆவியாகுது, ஆணைய சீக்கிரம் அனுப்புங்க."

"எனக்கு நம்பிக்கை வாக்கு?"

"இருபத்திரண்டும் உங்களுக்குத்தான். நான் குடிச்சா அவங்களும் குடிக்கலாமே, அந்த சந்தோஷத்துல எதுக்கு வேணாலும் கை தூக்குவாங்க."

ராஜினாமாவை ஏற்கும் அரச ஆணை வர இரண்டு மணி நேரம் ஆயிற்று. நாற்பது பேரும் வத்ஹாவும் அசையாமல் உட்கார்ந்து கையெழுத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஐந்து எழுத்தில் மூன்று போய்விட்டன. பிற்பகல் அஸர் தொழுகைக்கு அழைக்கும் நேரத்தில் அரண்மனைக்காரர் உறையைக் கொண்டுவந்து வாசித்தார். அவர் வாசித்து முடித்ததும் வத்ஹா எழுந்தார், மேஜையைச் சுற்றி ஏழு அடி நடந்தார், மஷூர் நகர்ந்து கொடுத்த இடத்தில் உட்கார்ந்தார், கையை நீட்டிக் கோப்பையை எடுத்தார். அது ஒரு கோப்பையின் எடைதான் இருந்தது. மூன்று வாயில் குடித்தார். காலிக் கோப்பையை இரண்டு தடவை ஆட்டினார், போதும் என்று அர்த்தம். மேஜைமேல் இருந்த காகிதத்தில் ஐந்து எழுத்தும் கறுப்பாகத் திரும்பி வந்து நின்றன.

"எப்படி இருக்கு?" என்று கேட்டார் மஷூர்.

"ஏலக்காய் கொஞ்சம் தூக்கல்," என்றார் வத்ஹா. அப்புறம் இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டார்.

இரும்புப் பாலம் ஒன்பது நாளில் பூட்டப்பட்டது. தை பிறந்து மூன்றாம் வாரம், ஒரு செவ்வாய்க்கிழமை முற்பகலில், தெளிந்த வெயிலில் வெள்ளம் வந்தது, ஷீஹாவுக்கு வலியும் வந்தது. வத்ஹா பையை எடுத்துக்கொண்டு பாலத்தின்மேல் நடந்து அக்கரை போனார். நாற்பத்தாறு அடி. ஊர் வழக்கம்போல இரண்டு கரையிலும் கூடிக் காது கொடுத்து நின்றது. உள்ளேயிருந்து ஒரு சத்தமும் வரவில்லை. ஒரு மணி நேரம் போயிற்று, இரண்டு மணி நேரம் போயிற்று. இத்தனை வருடம் ஒவ்வொரு மூச்சையும் கேட்டுப் பழகியவர்களுக்கு அந்த அமைதி பயமாக இருந்தது. சிலர் குர்ஆன் ஓதத் தொடங்கினார்கள். மஷூர் பாலத்தின் கைப்பிடியைப் பிடித்த பிடியை விடவே இல்லை. நண்பகல் லுஹர் தொழுகை முடிந்த சற்று நேரத்தில் கதவு திறந்தது. முழங்கைவரை நனைந்த கையோடு வத்ஹா வந்து நின்று, பக்கத்தில் நிற்பவருக்கு மட்டும் கேட்கிற குரலில், "பொண்ணு," என்றார். "ரெண்டு பேரும் தூங்குறாங்க. சத்தம் போடாதீங்க."

ஹாதியா என்று பெயர் வைத்தார்கள், அமைதியானவள் என்று அர்த்தம். இப்போது அவளுக்கு ஆறு வயது. அவளுடைய ஏழு அண்ணன் அக்காமாரும் கூப்பிட்டால் மலையில் ஆடுகள் திரும்பிப் பார்க்கும். அவள் பேசினால் காதைக் கிட்டே கொண்டுபோக வேண்டும். கல்பாலமும் கட்டி முடிந்தது. இழுப்பறையில் இருந்த பட்டியலில் மூன்று காட்டாறுகளுக்குப் பாலம் வந்துவிட்டது, மற்றவை ஆய்வில் உள்ளன. அமைச்சகத்து மேஜைமேல் கோப்பை இருந்த இடம் மட்டும் இன்னும் சூடாக இருக்கிறது. இப்போதைய அமைச்சர் தன் காலை ரொட்டியை அங்கே வைத்துத்தான் தின்கிறார், பதவி மாறும்போது பட்டியலில் அதையும் எழுதிக் கொடுப்பார்.

எங்கள் நாட்டில் ஒரு நாள் அமைச்சராக இருந்தாலும் சாகும்வரை மாண்புமிகுதான். அதனால் கீழ்க்கரையின் இரண்டு அறையில் இன்றைக்கும் பெண்கள் வலியில் கட்டிலின் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு, "மாண்புமிகு அமைச்சரே, இன்னும் எவ்வளவு நேரம்?" என்று கதறுகிறார்கள். வத்ஹா காபிக் கோப்பையைக் கீழே வைத்துவிட்டு, கையைக் கழுவிக்கொண்டே, "ஆய்வில் உள்ளது," என்கிறார். குழந்தை பிறந்து, கழுவி, தாயின் பக்கத்தில் போட்டுவிட்டு அவர் திரும்பி வரும்போது காபி சூடாகவே இருக்கிறது.